ஷூ பிடிக்கும் ஸ்டாண்டு: காலணி வேலை செய்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஷூ ரிப்பேர் கடை போடப்போகிறவர்கள், நடைபாதையில் பல வருடமாகச் செருப்பு தைப்பவர்கள், வீட்டிலேயே தோல் ஷூ செய்து பழகும் பிள்ளைகள் என்று எல்லாரும் உயரம் மாற்றக்கூடிய ஸ்டாண்டைப் பற்றி ஒரே மாதிரிதான் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே வைத்திருக்கிறேன். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை வைத்தே போவதால் வரிசையாகப் படித்தால் நல்லது.

முதல்ல இது என்ன சாமான்னு சொல்லுங்க சார். படத்துல பார்த்தா ஏதோ பைப் மாதிரி இருக்கு.

கிட்டத்தட்ட பைப்தான். கீழே கனமான அடித்தட்டு, அதன் மேல் ஒரு இரும்புத் தண்டு, அதற்குள் ஏறி இறங்கும் இன்னொரு தண்டு, உச்சியில் பாத வடிவத்தில் ஒரு வார்ப்பிரும்புத் துண்டு. ஷூவைக் கவிழ்த்து அந்த இரும்புப் பாதத்தில் மாட்டினால் சோல் மேலே பார்த்து நிற்கும், இரண்டு கையும் வேலைக்குக் கிடைக்கும். பாதத்தைக் கழற்றி வேறு அளவு போடலாம், உயரத்தைக் கூட்டலாம் குறைக்கலாம். சில ஸ்டாண்டுகளில் பாதத்தைச் சுற்றவும் சாய்க்கவும் வசதி இருக்கும்.

இதே போல இன்னொன்று உண்டு. அதில் உச்சியில் பாதத்துக்குப் பதில் ஒரு ஊசி மாதிரியான கம்பி நிற்கும். அது புது ஷூ செய்பவர்களுக்கானது, கீழே தனியாகச் சொல்கிறேன்.

எங்கிட்ட மூணு கால் இரும்பு இருக்கு. எங்க தாத்தா காலத்துது. அது போதாதா?

ரிப்பேர் வேலைக்குப் போதும், பலரும் அதை வைத்தே வாழ்க்கை நடத்தியிருக்கிறார்கள். மூன்று கால் இரும்பு நல்ல யோசனையில் பிறந்த சாமான். பெரிய பாதம், சின்ன பாதம், குதிகால் என்று மூன்று முனை. எது மேலே வந்தாலும் மற்ற இரண்டும் தரையில் ஊன்றிக்கொள்ளும். கழற்ற மாட்ட ஒன்றும் கிடையாது, உடையவும் உடையாது.

அதன் குறை உயரம். முழங்கால் அளவுக்குக்கூட வராது, அதனால் வேலை செய்பவர்தான் குனிய வேண்டும். மேஜை மேல் வைத்தால் உயரம் கிடைக்கும், ஆனால் அடிக்கும்போது நகரும், மேஜையும் சேர்ந்து அதிரும். உங்கள் தாத்தாவின் இரும்பைத் தூக்கிப் போடாதீர்கள். ஒரு கனமான மரக்கட்டையில் அதன் இரண்டு கால்களும் உட்காரும்படி பள்ளம் வெட்டிப் பதித்தால், உங்களுக்கென்று ஒரே உயரத்தில் நிற்கும் ஸ்டாண்டு தயார். வெவ்வேறு வேலைக்கு வெவ்வேறு உயரம் தேவைப்படும்போதுதான், அல்லது ஒரே ஸ்டாண்டில் இரண்டு பேர் வேலை செய்யும்போதுதான், ஏற்றி இறக்கும் வகை தேவை.

ஷூவுக்குள்ள இரும்பு எதுக்கு? தொடை மேல வச்சே ஆணி அடிக்கிறாங்களே.

அடிக்கிறார்கள், ஆனால் அந்த ஆணி நிற்பது சந்தேகம். ஷூ ஆணியை மரத்தில் அடிப்பது போல அடித்துவிட்டால் போதாது. சோல், இன்சோல் (ஷூவுக்குள் கால் படும் அடித்தோல்) இரண்டையும் துளைத்து வெளியே வரும் ஆணி முனை இரும்பில் மோதி மடங்கித் தோலுக்குள்ளேயே திரும்ப வேண்டும். அப்படி மடங்கினால்தான் ஆணி கழன்று வராது, போடுபவர் காலிலும் குத்தாது. அதனால் சோல், இன்சோல் சேர்ந்த கனத்தைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளமான ஆணி எடுப்பது வழக்கம். அதைவிட நீளமானால் முனை சுருண்டு இன்சோலில் மேடு தட்டும்.

அது போக, கீழே கெட்டியாக ஒன்றும் இல்லாவிட்டால் சுத்தியல் அடியில் பாதி உங்கள் தொடைக்குள் போகிறது. ஒரே வேலைக்கு இரண்டு மடங்கு அடி. தோள்பட்டை வலிக்கு ஒரு காரணம் அதுதான்.

எவ்வளவு உயரத்துல வைக்கணும்? எனக்கு இத்தனை அடின்னு ஒரு கணக்கு சொல்லுங்க.

அடிக்கணக்கு சொல்ல மாட்டேன், ஏனென்றால் அது உங்கள் உடம்பைப் பொறுத்தது. அளவுகோல் உங்கள் முழங்கை. வழக்கமாக வேலை செய்யும் நிலையில் உட்கார்ந்தோ நின்றோ, தோளைத் தளர்த்தி, கையை மடக்கி, முழங்கை தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். சுத்தியல் வேலைக்கு, கவிழ்த்து மாட்டிய ஷூவின் சோல் அந்த உயரத்துக்குக் கீழே 15 செ.மீ. அளவில் வரட்டும், பலமாக அடிக்கும் வேலை என்றால் இன்னும் இறக்கலாம். ஓரம் சீவுவது, பசை தடவுவது போன்ற லேசான வேலைக்கு முழங்கைக்குக் கீழே 5 முதல் 10 செ.மீ. போதும். கண்ணை வைத்துப் பார்க்க வேண்டிய நுணுக்கமான வேலைக்கு முழங்கைக்கு மேலேயே 5 செ.மீ. வரை ஏற்றலாம்.

இதில் பலர் தவறவிடும் விஷயம் ஒன்று உண்டு. அளக்க வேண்டியது இரும்புப் பாதத்தின் உயரத்தை அல்ல, ஷூ மாட்டிய பிறகு சோல் இருக்கும் உயரத்தை. கனத்த சோல் போட்ட வேலைக்கார பூட்ஸுக்கும் மெல்லிய ஃபார்மல் ஷூவுக்கும் இரண்டு மூன்று செ.மீ. வித்தியாசம் வந்துவிடும். நாள் முழுக்க ஒரே உயரத்தில் வேலை செய்துவிட்டு ஸ்டாண்டு சரியில்லை என்பவர்களைப் பார்க்கிறேன். மாற்றத்தான் அதில் திருகு வைத்திருக்கிறார்கள், தயவுசெய்து மாற்றுங்கள்.

நான் பிளாட்பாரத்துல தரையில உக்காந்து வேலை பாக்குறேன். எனக்கெல்லாம் இது ஒத்து வருமா?

வரும், ஆனால் கடையில் விற்கும் நின்று வேலை செய்யும் அளவு உங்களுக்கு உதவாது. தண்டு குட்டையாக இருக்க வேண்டும். சம்மணம் போட்டு உட்கார்ந்தால் பலருக்கு முழங்கை தரையிலிருந்து ஓர் அடிக்குள்தான் இருக்கும், அதிலிருந்து மேலே சொன்ன 15 செ.மீ.-ஐக் கழித்தால் மிஞ்சுவது கொஞ்சம்தான். அந்த நிலையில் மூன்று கால் இரும்பே ஏறக்குறைய சரியான உயரம். தரையில் உட்கார்ந்தவர்களுக்காகவே அது அந்த உயரத்தில் நிலைத்தது போல இருக்கிறது.

நான் சொல்வது, ஸ்டாண்டை வாங்குவதற்கு முன்னால் ஒரு முக்காலியை வாங்குங்கள். ஓர் அடி உயரமான முக்காலியில் உட்கார்ந்தாலே முழங்கால் மடிப்பும் இடுப்பு வளைவும் குறையும், அப்போது உயரம் மாற்றும் குட்டை ஸ்டாண்டுக்கு வேலை இருக்கும். சாமான்களையும் தரையில் பரப்பாமல் பெட்டி மேல் கைக்கெட்டும் தூரத்தில் வையுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு ஆணிக்கும் குனிந்துகொண்டே இருப்பீர்கள்.

புது ஸ்டாண்டு. அடிச்சா ஆடுது, ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் கொஞ்சமா இறங்குது. ஏமாத்திட்டாங்களா?

இரண்டும் வேறு வேறு கோளாறு. இறங்குவது பூட்டினால் வருகிறது. திருகை முறுக்கி அழுத்திப் பிடிக்கும் வகையில், உராய்வை மட்டும் நம்பித் தண்டு நிற்கிறது. சுத்தியல் அடி அந்த உராய்வை ஒவ்வொன்றாக உடைத்துக்கொண்டே போகும். தண்டில் துளை போட்டு குறுக்கே பின் சொருகும் வகை இறங்கவே இறங்காது. உங்களுடையது திருகு வகையென்றால், தேவையான உயரத்தை முடிவு செய்துகொண்டு அந்த இடத்தில் தண்டில் குறுக்கே ஒரு துளை போடச் சொல்லி 8 மி.மீ. போல்ட்டைச் சொருகிவிடுங்கள். திருகு பக்கவாட்டு ஆட்டத்தை மட்டும் பார்த்துக்கொள்ளட்டும்.

ஆடுவதற்குப் பெரும்பாலும் தரைதான் காரணம். நான்கு மூலையுள்ள தட்டு மேடு பள்ளத் தரையில் ஆடாமல் நிற்காது, மூன்று கால் அடிப்பாகம் எந்தத் தரையிலும் ஆடாது. தட்டு வகையென்றால் தரையிலோ கனமான பலகையிலோ போல்ட் போட்டு முடுக்குங்கள். நகராமலிருக்க அடியில் ரப்பர் போடலாம், ஆனால் மெல்லியதாக. யோகா பாய் மாதிரி மெத்தென்று எதையாவது போட்டால் தொடை மேல் வைத்து அடித்த கதைதான்.

வாங்கும்போதே இன்னொன்றைப் பாருங்கள். பாதம் தண்டுக்கு நேர் மேலே இருக்கிறதா, கை மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதா? நேர் மேலே இருந்தால் அடி நேராகத் தரைக்குப் போகும். நீட்டிக்கொண்டிருந்தால் ஒவ்வொரு அடியும் ஸ்டாண்டைக் கவிழ்க்கப் பார்க்கும். அதற்கு ஈடுகொடுக்க அடித்தட்டு ரொம்பக் கனமாக இருக்க வேண்டும்.

எத்தனை பாதம் வாங்கணும்? ஒவ்வொரு சைஸுக்கும் ஒண்ணா?

வேண்டாம். பிரிட்டிஷ் அளவில் ஒரு நம்பருக்கும் அடுத்ததுக்கும் மூன்றில் ஒரு அங்குலம், அதாவது எட்டரை மில்லிமீட்டர்தான் வித்தியாசம். இரும்புப் பாதம் ஷூவை நிரப்ப வேண்டியதில்லை, அடி விழும் இடத்துக்குக் கீழே இருந்தால் போதும், ஷூவை அதன் மேல் நகர்த்திக்கொள்ளலாம். ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கும் பெரிய பிள்ளைகளுக்கும் ஒன்று, குழந்தைகளுக்கு ஒன்று, குதிகாலுக்கு வட்டமாக ஒன்று. இது இருந்தால் பெரும்பாலான வேலை முடியும். சந்தேகம் வந்தால் சின்னதை எடுங்கள். பெரிய பாதத்தை வலிந்து நுழைத்தால் குதிகால் பக்கத் தையல் பிரியும்.

செருப்புக்கு? கொல்லாபுரி, ஹவாய் எல்லாம் இதுல மாட்டவே முடியாதே.

மாட்டத் தேவையில்லை. திறந்த செருப்புக்கு உள்ளே போக வழி இருக்கிறது, தட்டையான இரும்புத் துண்டு ஒன்று போதும். பழைய தண்டவாளத் துண்டை வைத்து வேலை செய்பவர்கள் உண்டு, அது அருமையான அடிமானம். வார் குறுக்கே வந்து இடைஞ்சல் செய்கிறது என்றால் குழந்தை அளவுப் பாதத்தை வாருக்கு அடியில் விட்டுக்கொள்ளுங்கள்.

வெள்ளை லைனிங் ஷூல துரு, கறை ஒட்டிடுது. பாதத்துக்கு மேல துணி சுத்தலாமா?

ஒட்டுவதற்கும் சீவுவதற்கும் சுற்றலாம், மெல்லிய தோலை உறை மாதிரி தைத்து மாட்டினால் இன்னும் நல்லது. ஆணி அடிக்கும்போது மட்டும் கழற்றிவிடுங்கள். ஆணி முனை வெறும் இரும்பில் மோதினால்தான் மடங்கும், உறை இருந்தால் அதற்குள் நேராக இறங்கி ஷூவையும் உறையையும் சேர்த்துப் பிணைத்துவிடும்.

துருவுக்கு வேலை முடிந்ததும் எண்ணெய்த் துணியால் ஒரு துடை, காலையில் காய்ந்த துணியால் ஒரு துடை. பாதத்தின் முகத்தில் ஆணி குத்திக் குத்திக் குழி விழுந்திருந்தால் அரம் போட்டுச் சமமாக்குங்கள். குழிக்குள் போன முனை மடங்காது.

பொம்பளைங்க ஹை ஹீல்ஸ்ல அடி டிப் மாத்தும்போது ஷூவே வளையுது. எப்படிப் பிடிக்கிறது?

தட்டையான நீளப் பாதத்தில் மாட்டுவதால் வரும் பிரச்சினை. ஹீல்ஸ் ஷூவின் நடுப்பகுதி சாய்ந்து இறங்குகிறது, அந்த வளைவைத் தாங்க உள்ளே ஒரு இரும்புப் பட்டை இருக்கும். தட்டைப் பாதத்தில் ஷூவின் முன்பகுதியும் ஹீல் பகுதியும் ஒரே நேரத்தில் படியாது. நடுவில் வெற்றிடம் இருக்கும்போது ஹீலில் அடித்தால் அடி முழுக்க அந்தப் பட்டையில் இறங்கும். பட்டை ஒருமுறை வளைந்தால் ஷூ பழைய நிலைக்கு வராது, போட்டு நடந்தால் ஹீல் பின்னால் சாயும்.

குதிகாலுக்கான வட்டப் பாதத்தை மட்டும் போடுங்கள், ஹீலுக்கு நேர் கீழே, உள்பக்கம் குதிகால் உட்காரும் இடத்தில் அது படிய வேண்டும். ஷூவின் முன்பகுதி காற்றில் தொங்கட்டும். பிறகு ஹீல் தண்டு செங்குத்தாக நிற்கும்படி சாய்த்துக்கொண்டு சின்னச் சுத்தியலால் நேராக அடியுங்கள். சாயும் ஸ்டாண்டுக்குக் கொடுக்கும் கூடுதல் காசு இந்த ஒரு வேலைக்கே தகும்.

ஸ்போர்ட்ஸ் ஷூக்கு ஆணியே கிடையாதே, ஒட்டுறதுதானே? அதுக்கு ஸ்டாண்டு தேவையா?

ஒட்டுவதற்குத்தான் அதிகம் தேவை. இரண்டு பக்கமும் தடவி, காயவிட்டு, சேர்த்து அழுத்தும் பசைகளில் எவ்வளவு நேரம் அழுத்தினோம் என்பதைவிட எவ்வளவு பலமாக அழுத்தினோம் என்பதுதான் பிடிமானத்தை முடிவு செய்கிறது. உள்ளே பாதம் இருந்தால் நடுவிலிருந்து ஓரம் நோக்கித் தட்டி அழுத்தலாம். இல்லாவிட்டால் ஓரம் மட்டும் ஒட்டி நடுவில் காற்று நிற்கும். மெத்தென்ற ஈவிஏ (நுரை மாதிரியான பிளாஸ்டிக்) சோலைச் சுத்தியலால் அடிக்காதீர்கள், அமுங்கிய இடம் அப்படியே தங்கிவிடும். உருளையால் தேய்த்து அழுத்துங்கள்.

ஒட்டிய சோல் ஒரு மாதத்தில் பிரிந்து வந்தால் ஸ்டாண்டைக் குறை சொல்ல வேண்டாம், பெரும்பாலும் பசைதான். பிவிசி சோலுக்கு சாதாரண நியோபிரீன் சொல்யூஷன் நிற்காது, அந்தப் பிளாஸ்டிக்கை மென்மையாக்கச் சேர்த்த எண்ணெய் கசிந்து பசையை இளக்கிவிடும். அதற்கு பாலியூரித்தேன் பசை வேண்டும், தடவிக் காயவைத்து சூடு காட்டி ஒட்டுவது.

லாஸ்ட் மாட்டுற ஸ்டாண்டு வேறன்னு சொன்னீங்களே, அது எப்படி?

முதல் பதிலில் சொன்ன ஊசிக்கம்பி வகை. புது ஷூ செய்யும்போது ஷூவுக்குள் ஏற்கெனவே லாஸ்ட், அதாவது கால் வடிவக் கட்டை இருக்கிறது. அதனால் இரும்புப் பாதம் நுழைய இடமில்லை, தேவையும் இல்லை. இப்போது வரும் பிளாஸ்டிக் லாஸ்டின் தலைப்பக்கம் உலோகக் குழல் பதித்த ஒரு துளை இருக்கும். லாஸ்டைக் கவிழ்த்து அந்தத் துளையை ஸ்டாண்டின் கம்பியில் இறக்குகிறோம், விரல் பக்கத்தை ஏற்றி இறக்கும் ஒரு தாங்கி பிடித்துக்கொள்கிறது. வாங்குமுன் உங்கள் லாஸ்டின் துளையில் கம்பி சிரமமில்லாமல், அதே நேரம் ஆடாமல் இறங்குகிறதா என்று கையோடு கொண்டுபோய்ப் பாருங்கள். துளை இல்லாத பழைய மரக்கட்டைகளுக்கு இது பயன்படாது.

இதில் வரும் விசையும் வேறு. ரிப்பேரில் அடி கீழ்நோக்கி. லாஸ்டிங்கில், அதாவது மேல்தோலை லாஸ்டின் மேல் படிய வைக்கும் வேலையில், குறடால் தோலைப் பிடித்து இழுக்கிறீர்கள், அதனால் விசை மேலேயும் பக்கவாட்டிலும் போகிறது. ஸ்டாண்டு கனமாக இருந்தால் மட்டும் போதாது, தரையோடு போல்ட் போட்டிருக்க வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை தொழிற்சாலைகளில் இந்த இழுவையை மெஷின் செய்கிறது. அந்த மெஷினுக்கு 1883-இல் அமெரிக்காவின் லின் நகரில் காப்புரிமை வாங்கியவர் சுரினாமில் பிறந்த யான் மாட்செலிகர் என்ற தொழிலாளி. தேர்ந்த ஆள் கையால் ஒரு நாளில் 50 ஜோடி இழுத்த காலம் அது.

சோல் தைக்கவும் இதே ஸ்டாண்டுல மாட்டலாமா?

கையால் தைப்பதாக இருந்தால் இரும்புப் பாதம் இடைஞ்சல்தான். வெளியிலிருந்து குத்தும் கொக்கி ஊசிக்கு உள்ளேயிருந்து இடது கை நூல் கொடுக்க வேண்டும், அந்த இடத்தில் இரும்பு நிற்கக் கூடாது. முழங்காலுக்கு நடுவில் இடுக்கியோ, வார்ப்பட்டையால் தொடையோடு கட்டியோ தைப்பதுதான் வழி. ஓரத்தில் தைக்கும் பள்ளத்தைக் கீறுவதை மட்டும் ஸ்டாண்டில் முடித்துக்கொள்ளுங்கள், கோடு நேராக வரும்.

சோல் தைக்கும் மெஷினில் ஒரு கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். 1858-இல் லைமன் பிளேக் காப்புரிமை பெற்ற மெஷினிலிருந்து வருவது அது. ஷூ அந்தக் கொம்பில்தான் மாட்டப்படுகிறது, நூல் அதற்குள்ளிருந்தே வருகிறது. தாங்கும் இரும்பையும் நூல் கொடுக்கும் கையையும் ஒன்றாக்கிவிட்டார் மனிதர். எனக்கு மிகவும் பிடித்த யோசனை இது.

வெல்டிங் பட்டறையில குடுத்து நானே செஞ்சுக்கலாமா?

தாராளமாக. இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். முதலாவது பைப். ஒன்றரை இன்ச் பைப்புக்குள் ஒன்றேகால் இன்ச் பைப் நுழையும் என்று நம்பி வெட்டிவிடாதீர்கள். ஒன்றேகால் என்று பெயர் சொல்லும் பைப்பின் வெளி விட்டமே 42 மி.மீ.-க்கு மேல், ஒன்றரையின் உள் விட்டமும் ஏறக்குறைய அதுதான், முட்டிக்கொள்ளும். ஒன்றேகாலுக்குள் ஒரு இன்ச் பைப் போகும், ஆனால் இரண்டு மில்லிமீட்டருக்குக் குறையாமல் லூசாக இருக்கும். பக்கத்தில் இரண்டு நட்டை வெல்டிங் வைத்து, போல்ட் போட்டு அழுத்தினால் அந்த ஆட்டம் நின்றுவிடும். இறங்காமலிருக்கக் குறுக்குப் பின் கட்டாயம், ஆடும் ஸ்டாண்டு பற்றிய பதிலில் காரணம் இருக்கிறது.

இரண்டாவது, வார்ப்பிரும்புப் பாதத்தைத் தண்டோடு நேராக வெல்டிங் வைக்காதீர்கள். சாதாரண ராடில் வெல்டிங் வைத்தால் ஆறும்போது பக்கத்திலேயே விரிசல் விடும், சில நாள் அடித்ததும் முறியும். பாதத்தின் காம்பு உட்காரும்படி ஒரு குழல் செய்து, பக்கவாட்டில் போல்ட் வைத்து முடுக்கச் சொல்லுங்கள். பாதத்தை மாற்றிக்கொள்ளவும் அதுதான் வசதி.

பழைய சாமான் கடையில ஒண்ணு இருக்கு. வாங்கலாமா?

பாதத்தைக் கயிற்றில் தொங்கவிட்டு சின்ன இரும்பால் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் நல்லது, சத்தம் மொத்தென்று செத்துப்போனால் எங்கோ விரிசல். துருவைப் பற்றிக் கவலை வேண்டாம். புதிதாக வேண்டுமென்றால் சென்னையில் பெரியமேடு பக்கம் தோல், சோல் சாமான் விற்கும் கடைகளில் விசாரியுங்கள், உங்கள் ஷூ ஒன்றைக் கையில் எடுத்துப் போய் மாட்டிப் பார்த்தே வாங்குங்கள்.

அப்பாவுக்கு வாங்கிக் குடுத்தேன். உயரமெல்லாம் நீங்க சொன்ன மாதிரிதான் வச்சோம். ஆனாலும் குனிஞ்சேதான் வேலை பாக்குறார், கழுத்து வலி போகல.

அவருக்கு நாற்பது வயது தாண்டியிருந்தால் முதலில் கண்ணைப் பரிசோதியுங்கள். கிட்டத்தில் பார்த்துச் செய்யும் வேலையில் கண் தெளிவாகப் பார்க்கும் தூரத்துக்குத் தலையும் முதுகும் தானாகப் போய்விடும், ஸ்டாண்டை எங்கே வைத்தாலும் சரி. கண்ணாடி போடும்போது படிக்கும் தூரத்தைச் சொல்லாமல், அவர் கண்ணிலிருந்து சோல் இருக்கும் தூரத்தை அளந்து அதைச் சொல்லிக் கேளுங்கள். இரண்டும் ஒன்றல்ல.

அடுத்தது வெளிச்சம். பின்னாலிருந்து வந்தால் அவர் நிழலே வேலை மேல் விழும், அதைத் தாண்டிப் பார்க்கத்தான் குனிகிறார். வலது கைக்காரர் என்றால் இடது பக்க மேலிருந்து விளக்கு வரட்டும். பாதத்தை அவர் பக்கமாகக் கொஞ்சம் சாய்த்து வைத்தாலும் கழுத்து நிமிரும். இத்தனையும் செய்து ஒரு வாரம் பாருங்கள். கை மரத்துப்போவது, விரல் நுனி கூசுவது இருந்தால் மட்டும் அந்த ஒரு வாரமும் காத்திருக்காமல் டாக்டரிடம் கூட்டிப்போங்கள்.